ஏக்கத்துக்கு ஒருமை கிடையாது

அறுபதை எட்டிப் பார்க்கிற வயதில் நான் எபிரேய மொழி கற்றுக்கொள்ளத் துணிந்ததற்கு ஒரே காரணம், என் மனைவி சிரித்துவிட்டாள்.

சிரிப்பது ஒரு குற்றமா என்று கேட்பீர்கள். எதிரே உட்கார்ந்து சிரித்தால் குற்றமில்லை. அவள் சிரித்தது இஸ்ரேலில். எனக்குக் கேட்டது குன்னூரில். நடுவில் ஒரு சமுத்திரம், இரண்டு பாலைவனம், பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாவின் டெலிபோன். இத்தனையையும் தாண்டி என் காதில் வந்து விழுந்த அந்தச் சிரிப்பு எனக்காகச் சிரித்ததும் அல்ல. அவள் பக்கத்தில் ஒரு கிழவர் ஏதோ சொன்னார். அதற்குச் சிரித்தாள்.

முப்பது வருஷமாக நான் சொல்லாத ஹாஸ்யமா? தெப்பக்காட்டு யானை ஒன்று என்னிடம் டீ வாங்கிக் குடித்துவிட்டு, சர்க்கரை கம்மி என்று தும்பிக்கையை ஆட்டிய கதையைச் சொல்லி வெலிங்டன் பட்டாளத்து ஆட்களையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருள வைத்தவன் நான். என் மனைவி வேலாமணி மட்டும் அடுப்பைப் பார்த்தபடி, “அந்த யானைக்கு வேற வேலை இல்லீங்களா?” என்பாள். அதோடு சரி.

அது தேயிலை விழுந்த காலம். விலை விழுந்த சத்தம் மேட்டுப்பாளையம் வரை கேட்டதாகச் சொன்னார்கள். பச்சைக் கொழுந்துக்கு இன்ன விலை என்று எழுதி வைக்கவே கூச்சப்பட்டு, பேக்டரி வாசலில் விலைப் பலகையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தார்கள். ஒருநாள் எங்கள் தோட்டத்துக்குள் வந்த காட்டெருமை கொழுந்தை முகர்ந்தது, என்னைப் பார்த்தது, பெருமூச்சு விட்டது, திரும்பிப் போய்விட்டது. நம்பாதவர்கள் அந்தக் காட்டெருமையையே கேட்டுக்கொள்ளலாம்.

நான் டீ மேக்கர். அதாவது, தோட்டத்துக் கொழுந்து பேக்டரிக்குள் வந்ததிலிருந்து தூளாகி மூட்டைக்குள் போகிறவரை அதற்கு நான்தான் அப்பன். பேக்டரியை இழுத்துப் பூட்டினதும் பிள்ளையில்லாத அப்பனாகிவிட்டேன். மகள் ஷண்முகப்ரியா கோயமுத்தூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். வேலாமணி குன்னூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வெகுகாலம் ஆயாவாக இருந்தவள். இஸ்ரேலில் வயசானவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டாள். நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் பாஸ்போர்ட் எடுத்துவிட்டாள். எங்கள் வீட்டு வழக்கம் அது.

தை மாதம் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் பெட்டியை ஏற்றிவிட்டு, ஜன்னலுக்குள்ளிருந்து கடைசியாக அவள் சொன்னது காதல் வசனமல்ல.

“ஏனுங்க, கால் ஏக்கரையும் கவாத்து அடிச்சுப் போடுங்க. விலை இல்லாதப்ப வெட்டி விட்டாத்தான், விலை வர்றப்பத் துளிர் நிக்கும்.”

“நான் டீ மேக்கர், வேலாமணி.”

“டீ மேக்கருக்குக் கை இல்லீங்களா?”

“அது பீல்டு ஆளுங்க வேலை.”

“துளிர் வந்ததும் ஒரு வார்த்தை சொல்லுங்க. கெளம்பி வந்துடறேன்.”

பஸ் போய்விட்டது. நான் பனிக்குள் நின்றேன். அன்றைக்குப் பனி அப்படி அடர்த்தி. கண்ணைத் துடைத்த கைக்குட்டையை அதன்மேலேயே காயப் போட்டுவிட்டு வந்தேன்.

கவாத்து என்றால் தேயிலைச் செடியை இடுப்புக்குக் கீழே கத்தியால் வெட்டி மொட்டையாக்கி விடுவது. இரண்டு மூன்று மாதம் பார்க்கவே பரிதாபமாக நிற்கும். பிறகு புதுத் துளிர் குபீரென்று கிளம்பும். ஆளைப் பொறுத்து இரண்டு வாரத்து வேலை. நான் கத்தியை எடுத்துக்கொண்டு போனதும் உண்டு. முதல் செடியின் முன்னால் நின்றேன். அது வேலாமணி தினம் காலையில் கொழுந்து கிள்ளின செடி. அவள் விரல் பட்ட இடத்தை நான் எப்படி வெட்டுவேன்? திரும்பி வந்துவிட்டேன். சோம்பல் என்று பேச்சியம்மா சொன்னாள். இரண்டும் கலந்ததுதான் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

பேச்சியம்மா பக்கத்து வீடு. சிலோன் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவள். மகன் வெலிங்டனில் ராணுவ ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்ப்பதால் அவள் வீட்டில் டெலிபோன் இருந்தது. இஸ்ரேலில் சனிக்கிழமை லீவு. சனிக்கிழமை மத்தியானம் நான் போய் அந்தப் போனுக்கு எதிரே, கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருப்பவன்போல் உட்கார்ந்திருப்பேன்.

சித்திரையில் ஒரு சனிக்கிழமை.

“ஏனுங்க, சாப்டீங்களா?”

“ஆச்சு. நீ?”

“ஆச்சுங்க. கவாத்து?”

“அதுவும் ஆச்சு.”

எனக்குப் பின்னால் பூண்டு உரித்துக்கொண்டிருந்த பேச்சியம்மாவுக்கு இருமல் வந்தது.

அப்போதுதான் அந்தக் கட்டைக் குரல் அங்கே ஏதோ சொல்லிற்று. வேலாமணி சிரித்தாள். சும்மா சிரிப்பல்ல, மூச்சு வாங்கி, மறுபடி பிடித்துச் சிரித்த சிரிப்பு.

“யாரது?”

“பெரியவருங்க. நான் பார்த்துக்கறவரு. நஃப்தாலின்னு பேரு. வாத்தியாரா இருந்தவரு.”

“என்ன சொன்னாரு?”

“மாத்திரை கேட்டாருங்க.”

“மாத்திரை கேட்டதுக்கா இப்படிச் சிரிச்சே?”

“கேட்ட விதம் அப்படிங்க. வெச்சுடட்டுங்களா?”

போனை வைத்தேன். எழுந்து நின்றேன். பேச்சியம்மா வீட்டு முருகன் படத்தைச் சாட்சியாக வைத்துச் சூளுரைத்தேன்: “அந்தக் கிழவர் என்ன பேசுகிறார் என்பதை அவர் மொழியிலேயே கேட்டு, அவர் மொழியிலேயே பேசி, என் பெண்டாட்டியைத் திரும்ப வாங்காமல் விடமாட்டேன்!”

“கவாத்து அடிச்சாலே வந்துருமேண்ணே,” என்றாள் பேச்சியம்மா.

“உனக்குப் புரியாது.”

“பூண்டு உரிக்கிறவளுக்கு என்னாண்ணே புரியும். தேத்தண்ணி குடிக்கிறீங்களா?”

அடுத்த வாரமே அவளாகவே ஒரு தகவல் சொன்னாள். காந்தலில் ஞானாபரணம் என்று ஓய்வு பெற்ற சர்ச் உபதேசியார் ஒருவர் இருக்கிறாராம். இளம் வயதில் எபிரேயம் படித்தவராம். இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஊட்டி பஸ் ஏறி, காந்தலில் விசாரித்து, கதவைத் தட்டினேன். கதவைத் திறந்த உபதேசியார், “வாங்க லிங்கசாமி ஐயா, உங்களைத்தான் எதிர்பார்த்தேன்,” என்றார். என் பெயர் காந்தல் வரை பரவியிருக்கிறது என்று மகிழ்ந்தேன். மகிழ்ச்சி மனிதனின் மூளையை எப்படி மழுக்குகிறது பாருங்கள்.

“எபிரேயத்தில் எந்தச் சொல்லும் அநாதை இல்லை ஐயா,” என்று பாடத்தை ஆரம்பித்தார். “மூன்று எழுத்து வேர் ஒன்று இருக்கும். அதைப் பிடித்து இழுத்தால் குடும்பமே கூடவே வரும்.”

“எங்க மாமனார் வகையறா மாதிரி.”

“கிட்டத்தட்ட. இப்போது பாருங்கள். ஷபாத் என்றால் ஓய்வுநாள். அதே வேரில் ஷ்விதா. அப்படியென்றால் வேலைநிறுத்தம்.”

“ரெண்டும் ஒண்ணுதானே உபதேசியார்? எங்க பேக்டரியில இப்ப வருஷம் முழுக்க ஷபாத்.”

“ஷாலோம் என்றால் சமாதானம். அதே வேரில் ஷலேம், முழுமையானது. அதிலிருந்தே லெஷலேம், கூலி கொடுப்பது.”

“கூலி கொடுத்தாத்தான் சமாதானம்னு அந்த ஊர்ல மொழியிலயே எழுதி வெச்சிட்டாங்களா? எங்க முதலாளிக்கு இந்த வேர் தெரியாமப் போச்சே!”

தேயிலைக்காரனுக்கு வேர் என்றால் சொல்லித் தர வேண்டுமா? மேலே எப்படி வெட்டினாலும் அடியில் ஆணிவேர் இருந்தால் செடி பிழைக்கும். கதவ் என்றால் எழுதினான். மிக்தாவ், கடிதம். க்தோவெத், விலாசம். எல்லாம் ஒரே தூரிலிருந்து கிளம்பிய கிளைகள். ஸகான் என்றால் தாடி, ஸகேன் என்றால் கிழவன். முகம் வழிக்காமலிருந்தால் கிழவன் என்று அந்த மொழி சொல்கிறது; அன்றே போய்ச் சவரம் செய்துகொண்டேன்.

ஒருநாள் உபதேசியார் குரலைத் தாழ்த்தி, “துக்கி என்று ஒரு பழைய சொல். மயில். அது நம்முடைய தோகைதான் கப்பலேறிப் போனது என்று அறிஞர்கள் சொல்கிறார்கள்,” என்றார்.

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். “நம்ம தோகையா!”

“ஆனால் இப்போது அங்கே துக்கி என்றால் கிளி.”

உட்கார்ந்துவிட்டேன். நாம் ஏற்றிவிட்டது மயில். அங்கே இறங்கும்போது கிளி. தேயிலை ஏலத்திலும் எங்களுக்கு நடந்தது இதுதான்.

வீட்டுக்கு வந்தால் பாடம் அடுப்படியில் தொடரும். பஷல் என்ற வேரில் பிஷூல் என்றால் சமையல், பஷேல் என்றால் பழுத்தது, பக்குவமானது. பானையின் முன் நின்று இதை உருப்போட்டுக்கொண்டிருப்பேன்.

“யாருகிட்டண்ணே கதைக்கிறீங்க?” வேலிக்கு அப்பாலிருந்து பேச்சியம்மா.

“சோத்துப் பானைகிட்ட.”

“என்னாவாம்?”

“இன்னும் பஷேல் ஆகலையாம்.”

“கருகிப் போச்சுண்ணே. வாசம் எங்க வீடு வரைக்கும் வருது.”

வேலாமணி இருந்தவரை சோறு தானாகவே வேகும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தட்டில் கருகின பக்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டுச் சாப்பிடுவேன். எதிரே அவள் உட்கார்கிற பலகை அப்படியே கிடக்கும். அதை எடுத்துச் சுவரில் சாய்த்து வைக்கலாம் என்று தினம் நினைப்பேன். தினம் அங்கேயே இருக்கும்.

உபதேசியாரிடம் ஒருநாள் கேட்டேன். “ஏக்கத்துக்கு அந்த ஊர்ல என்ன சொல்லு?”

அவர் கையிலிருந்த புத்தகத்தை மூடி வைத்தார். அவர் மனைவி தவறிப்போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது.

“ககூஇம்,” என்றார். தொண்டைக்குள்ளிருந்து வருகிற சொல். நான் எழுதியிருக்கிற மாதிரி அதைச் சொல்லக் கூடாது. தொண்டை கொஞ்சம் அடைத்திருக்க வேண்டும். “இதில் ஒரு விசேஷம். இது எப்போதும் பன்மையில்தான் வரும். ஏக்கங்கள். ஒருமையில் யாரும் சொல்வதில்லை.”

“ஒரே ஒரு ஏக்கம்னா?”

“ஒரே ஒரு ஏக்கம் யாருக்கு இருக்கிறது ஐயா?”

பஸ்ஸில் திரும்பும்போது எண்ணிப் பார்க்க முயன்றேன். அவள் கொழுந்துக் கூடையை இறக்கி வைக்கிற சத்தம். “அந்த யானைக்கு வேற வேலை இல்லீங்களா?” காலையில் நான் எழுமுன் முடிந்துவிடுகிற பாதி வேலை. கேத்தி தாண்டுவதற்குள் எண்ணுவதை விட்டுவிட்டேன். அந்த மொழிக்காரர்கள் விவரம் தெரிந்தவர்கள்தான்.

ஆனியில் என்னால் பொறுக்க முடியவில்லை. போனில் துணிந்து ஒரு பொய்யை அவிழ்த்தேன்.

“வேலாமணி, துளிர் வந்துருச்சு!”

“அப்படீங்களா!” அவள் குரலில் சந்தோஷம். “நல்லா வந்திருக்குதுங்களா?”

“பச்சைப் பசேல்னு. கெளம்பறியா?”

“கெளம்பறது கெடக்கட்டுங்க. ஒரு பிடி கிள்ளி, ஊட்டுலயே கையில உருட்டி, தூள் பண்ணி அனுப்பி வையுங்க. நம்ம தோட்டத்து டீயப் பெரியவருக்கும் காட்டோணும்.”

தோட்டத்தில் எங்கே துளிர்? பறிக்காமலும் வெட்டாமலும் விட்ட தேயிலை என்ன ஆகும் தெரியுமா? மரமாகும். எங்கள் கால் ஏக்கர் என் தலைக்கு மேல் வளர்ந்து, வெள்ளைப் பூ பூத்து, உள்ளே குருவி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. நான் பதறவில்லை. குன்னூர் மார்க்கெட்டில் முதல் தரமான தூளாகப் பார்த்து வாங்கினேன். முகர்ந்தேன், நாக்கில் வைத்தேன். முப்பது வருஷத்து டீ மேக்கர் தேர்ந்தெடுத்த தூள். பார்சல் போனது.

ஆடியில் ஒரு சனிக்கிழமை.

“டீ வந்துச்சுங்க.”

“எப்படி?”

“உருண்டை உருண்டையா நல்லா இருந்துச்சுங்க.”

“அப்ப எப்ப வர்றே?”

“பார்க்கலாமுங்க. ஒடம்பப் பார்த்துக்கோங்க.”

பார்க்கலாமா? துளிர் வந்தால் வருகிறேன் என்றவள் அல்லவா? எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தக் கிழவர்தான் விடமாட்டேன் என்கிறார். நேரடியாக மோதுகிற காலம் வந்துவிட்டது. உபதேசியாரிடம் போய், கம்பீரமாக ஒரு வாக்கியம் செய்து தரச் சொன்னேன். அவர் கண்ணை மூடி யோசித்து, பழைய காலத்து ராஜாக்களிடம் தூதுவர்கள் பேசுகிற தோரணையில் ஒன்று செய்து தந்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் வேலாமணி கடைக்குப் போவாள் என்பது எனக்குத் தெரியும். ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை, குன்னூர் பஜாரில் நல்லசாமியின் ஐ.எஸ்.டி. பூத்துக்குள் நுழைந்து கண்ணாடிக் கதவைச் சாத்தினேன். நல்லசாமி கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டான். காற்று வேண்டுமாம்.

அங்கே மணி அடித்தது. எடுத்தார்.

“ஹலோ?”

நெஞ்சை நிமிர்த்தினேன். “ஷாலோம், ஸகேன்! அனோஹி லிங்கசாமி. ஷல்லஹ் எத் இஷ்தி!”

கிழவரே, சமாதானம். நான் லிங்கசாமி. என் மனைவியை அனுப்பிவிடும்.

அங்கே சத்தமே இல்லை. பூத்துக்குள் சிவப்பு மீட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கிழவர் ஆடிப்போய்விட்டார் என்று நல்லசாமிக்குக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன்.

பிறகு அந்தக் கட்டைக் குரல் மெல்லக் கேட்டது:

“ஏனுங்க… நீங்களா பேசறீங்க?”

ரிசீவரைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மறுபடி காதில் வைத்தேன். என்னை ‘ஏனுங்க’ என்று கூப்பிட்ட ஆட்களில் கட்டைக் குரல் உள்ளவர் இவர் ஒருவர்தான்.

“யாருங்க அது?” என்றேன்.

“நான் நஃப்தாலிங்க. சாப்டாச்சுங்களா?”

“தமிழ்… எப்படி…”

“அம்மிணி சொல்லிக் குடுத்தாங்க. நீங்க ஏனுங்கதானுங்களே?”

“என் பேர் லிங்கசாமி!”

“அட! எனக்குத் தெரியாதுங்க. வீட்டுக்காரர் பேரு என்னன்னு கேட்டா அம்மிணி சொல்லவே மாட்டேங்கறாங்க. போன்ல ஏனுங்க, ஏனுங்கன்னுதான் கூப்பிடறாங்க. அதான் உங்க பேருன்னு நெனச்சுப்போட்டேனுங்க.”

எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லமாட்டார்கள். அந்த வழக்கத்தைக் கடல் கடந்தும் காப்பாற்றியிருக்கிறாள். எனக்கு ஒரு நிமிஷம் பெருமையாக இருந்தது.

“உங்க எபிரேயம் ரொம்ப அழகுங்க,” என்றார். “ஆனா இப்படிப் பேசினவங்க எல்லாம் போய்ச் சேர்ந்து ரெண்டாயிரம் வருசம் ஆச்சுங்க. எங்க தாத்தா கடவுள்கிட்டப் பேசறப்பத்தான் இப்படிப் பேசுவாருங்க.”

“அது போகட்டும். நீங்க எதுக்குத் தமிழ் கத்துக்கிட்டீங்க?”

“நான் மொழி வாத்தியாருங்க. அம்மிணிக்கு வேர் சொல்லி, கிளை சொல்லி எபிரேயம் சொல்லிக் குடுத்தேன். சுருக்காப் புடிச்சுக்கிட்டாங்க. ரொட்டி வாங்க, மருந்து வாங்க, என்னைய வைய, எல்லாத்துக்கும் ஆச்சுங்க. ஆனா சாயந்திரம் ஆனா ஜன்னல்கிட்ட நின்னுக்கிட்டுப் பேசவே மாட்டாங்க. இது மலை ஊருங்க. கீழே இருந்து பனி வரும். என்ன அம்மிணின்னு கேட்டேன். தமிழ்ல ஒருத்தரைத் திட்டி எத்தனை நாளாச்சுன்னாங்க. பொறவு தமிழ் சொல்லிக் குடுத்து என்னையவே அதுக்குத் தயார் பண்ணிப்போட்டாங்க. வெசனத்துக்குப் பேச்சுத் துணை வேணுமில்லீங்களா?”

எனக்குத் தொண்டை அடைத்தது. ககூஇம் என்ற சொல் இப்போது சரியாக வந்திருக்கும். ஆனால் நான் வந்த காரியம் வேறு.

“சித்திரையில ஒருநாள் நீங்க ஏதோ சொன்னீங்க. அவ சிரிச்சா. என்ன சொன்னீங்க?”

“யானைக் கதைங்க! அப்ப எனக்கு நாலு வார்த்தைதான் தெரியும். டீக் கப்பைக் கீழ வெச்சுப்போட்டு, கையைத் தும்பிக்கை மாதிரி ஆட்டி, சர்க்கரை கம்மிங்கன்னேன். அம்மிணி சிரிச்சுச் சிரிச்சு…”

என் யானை. என் கதை. என் சர்க்கரை.

“என்கிட்ட ஒருநாள்கூடச் சிரிச்சதில்லையே!”

“கேட்டேனுங்க. எதிரே சிரிச்சா இன்னும் நாலு யானை வரும்னாங்க.”

நல்லசாமி கதவை இன்னும் கொஞ்சம் திறந்தான்.

“சரிங்க பெரியவரே,” என்றேன், எபிரேயத்தைக் கைவிட்டு. “அவளை அனுப்பி வெச்சுடுங்க. துளிரும் வந்தாச்சு.”

“துளிருங்களா… டீ வந்துச்சுங்க. அம்மிணி உள்ளங்கையில கொட்டிப் பார்த்தாங்க. ஊட்டுல கையில உருட்டினா சுருள் சுருளா வரும், உருண்டைக் குருணை மெஷின்லதான் வரும், எங்க ஊட்டுல ஏது மெஷின்னு கேட்டாங்க. எனக்கு என்னங்க தெரியும்? நானும் ஆமாங்கன்னேன்.”

முப்பது வருஷம் அந்த மெஷினுக்குப் பக்கத்தில் நின்றவன் நான். பகல் முழுக்க அதன் வாயிலிருந்து குருணை கொட்டுவதைப் பார்த்தவன். நாக்கில் வைத்துப் பார்த்தேனே ஒழிய, கண்ணால் பார்க்கவில்லை.

“அப்ப… கவாத்து அடிக்கலைன்னு அவளுக்கு…”

“அது அதுக்கு முன்னாடியே தெரியுமுங்க. பேச்சியம்மா போன் பண்ணுவாங்களே. காந்தல் வாத்தியாரை ஏற்பாடு பண்ணினதும் அம்மிணிதான். அவரு சம்சாரத்தை ஆஸ்பத்திரியில அம்மிணிதான் பார்த்துக்கிட்டாங்களாமே. நீங்க ஊட்டுல தனியா உக்காந்திருந்தா வெசனத்துல சோறு எறங்காது, மனசு ஓடறதுக்கு எதாச்சும் வேணும்னு… ஏனுங்க, இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

“எனக்குக் கவாத்துன்னா என்னன்னு தெரியாதுங்க. ஆனா அதை அடிச்சுப்போடுங்க. எனக்கும் ஒரு வாய் நல்ல டீ கெடைக்கும்.”

“நீங்களாச்சும் அவகிட்ட எனக்காக ஒரு வார்த்தை…”

“சொல்லலாமுங்க…” குரல் சட்டென்று கிசுகிசுப்பானது. “கதவு தொறக்கற சத்தம் கேக்குது. நான் வெயில்ல உக்காரக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாங்க. உக்காந்துட்டேன். வெச்சுடறேனுங்க!”

வெளியே வந்தேன். நல்லசாமி ஆவலாகக் கேட்டான்: “என்னங்க, கிழவன் மசிஞ்சானா?”

“அவரும் நம்ம கட்சிதானப்பா,” என்றேன்.

அன்றைக்கே கத்தியைத் தீட்டினேன். கவாத்து அடித்தேன். எப்படி அடித்தேன் என்றால், கை கொப்பளித்து, கொப்பளத்துக்கு மேல் கொப்பளம் வந்து, கடைசியில் கத்திக்கே கொப்பளம் வந்தது. ஒவ்வொரு செடியையும் வெட்டுமுன் அடித்தூரைத் தொட்டுப் பார்ப்பேன். வேர் இருக்கிறது, பயமில்லை என்று அதனிடம் சொல்வேன். அல்லது எனக்கே சொல்லிக்கொள்வேன். பேச்சியம்மா வேலியோரம் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். போய் உடனே டெலிபோனைச் சுழற்றுகிற சத்தம் கேட்கும். சுழற்றட்டும்.

கார்த்திகையில் ஒரு காலை, மொட்டைத் தூர்களில் பச்சைப் பொட்டு வைத்த மாதிரித் துளிர். அந்தச் சனிக்கிழமை முதல் மணியிலேயே போனை எடுத்தேன்.

“வேலாமணி. துளிர் வந்துருச்சு. சத்தியமா.”

“தெரியுமுங்க,” என்றாள். இரண்டு பாலைவனத்தையும் தாண்டி அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. “ஒரு பிடி உருட்டி வையுங்க. வந்து குடிக்கறேன்.”

தை பிறந்து பத்துநாள் ஆவதற்குள் வந்துவிட்டாள். இளைத்திருந்தாள். பெட்டியை வைத்ததும் நேரே தோட்டத்துக்குப் போனாள். வரிசை வரிசையாக நடந்தாள். அங்கங்கே குனிந்து துளிரைத் தொட்டாள். பிறகு வந்து, சாய்த்து வைக்காமலே கிடந்த தன் பலகையில் உட்கார்ந்தாள். நான் கையால் உருட்டிய டீயைக் கொடுத்தேன். சுருள் சுருளாக உருட்டியது. ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள். எதிரே உட்கார்ந்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கையைத் தும்பிக்கைபோல் ஆட்டி, “சர்க்கரை கம்மிங்க,” என்றாள். சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்த கிறக்கத்தில்தான் நான் வாயைக் கொடுத்தேன்.

“இந்தக் கையைப் பாரு. கொப்பளத்துத் தழும்பு இன்னும் மறையலை. நீ திரும்பி வரோணும்ங்கற ஒரே காரணத்துக்காகத்தான் இந்தக் கவாத்தை அடிச்சேன்.”

வேலாமணி டம்ளரைக் கீழே வைத்தாள்.

“நான் திரும்பி வர்றதுக்குப் போறப்பவே டிக்கெட் எடுத்தாச்சுங்க, இதே தை மாசத்துக்கு. கவாத்துக்குத்தான் வேற வழி தெரியலை.”